பந்தோக்கிடம் ஐந்தில் ஒரு பங்கு

பரன்யாக்கே, மணிலா
செப்டம்பர் 4

கிளாரோ,

நீ போனை எடுக்கமாட்டாய் என்பது தெரிந்ததுதான். புயலுக்கு முன்னாலேயே எடுக்கவில்லை. இப்போது உங்கள் பக்கம் போன் கோபுரமெல்லாம் சாய்ந்துவிட்டதாம், உனக்குக் கொண்டாட்டம். பால்கெண்டை மீன் ஏற்ற உங்கள் ஊருக்கு வரும் லாரிக்காரன் தெம்யோங்கிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். ஐஸ் பெட்டிக்குள் போடாதே, சட்டைப்பையில் வை என்று சொல்லியிருக்கிறேன். படித்துவிட்டுக் கிழிப்பதானால் கிழி, படிக்காமல் கிழிக்காதே.

நான் நன்றாக இருக்கிறேனா என்று நீ கேட்கப்போவதில்லை, நானும் சொல்லப்போவதில்லை. கடையைப் பற்றிச் சொல்கிறேன். நம் சோற்றுக்கடை இருக்கும் இடத்தைத் திருமதி யாப் விற்கிறாள். அடகுக்கடைக்காரன் ஒருவன் மொத்தப் பணத்தையும் நீட்டிக்கொண்டு நிற்கிறான். இத்தனை வருஷம் வாடகை தவறாமல் கொடுத்தவள் என்பதற்காக எனக்கு மாசக் கடைசி வரை அவகாசம் தந்திருக்கிறாள். பதினெட்டு லட்சம் பெஸோ முன்பணம் வைத்தால் இடம் நமக்கு. வைக்காவிட்டால் அடுப்பைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

அதற்காக நான் என்ன செய்தேன் என்று கேட்டால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். போக்கர் ஆடினேன். ஞாயிற்றுக்கிழமைச் சின்னப் பந்தயம் ஒன்றில் ஜெயித்ததில் பெரிய போட்டிக்கு இலவசமாக ஓர் இடம் கிடைத்தது. முந்நூறு பேருக்கு மேல் உட்கார்ந்தார்கள். இப்போது நான்கு பேர் மிச்சம், அதில் நான் ஒருத்தி. அந்த நேரம் பார்த்துச் சூதாட்ட மண்டபத்துக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது. எங்கள் பந்தயச் சில்லுகளைப் பையில் போட்டு முத்திரை வைத்துவிட்டார்கள், பதினான்காம் தேதி மீண்டும் ஆட்டம்.

மேசையில் உள்ளதில் பாதிக்கு மேல் உன் நண்பன் பந்தோக்கிடம். மூன்றில் ஒரு பங்கு என்னிடம். மிச்சம் மீதிதான் மற்ற இருவரிடமும்: பதங்காஸ் பல் டாக்டர் ஒருவர், இன்னொருவர் பே என்கிற கொரியக்காரர். முதல் பரிசு நாற்பது லட்சம், இரண்டாவது இருபது, மூன்றாவது பதினொன்று. நான்காவதைப் பற்றிப் பேசாமலிருப்பதே மேல். எனக்கு இரண்டாவது இடம் போதும், கடை பிழைத்துவிடும்.

பந்தோக்கை உனக்குத் தெரியும். இரண்டு சீட்டைப் பார்த்தும் பார்க்காமலும் தன் சில்லு அத்தனையையும் நடுவில் தள்ளி ‘ஆல்-இன்’ என்பான். அவன் தள்ளினால் நான் எந்தச் சீட்டை வைத்துக்கொண்டு பதிலுக்குச் சில்லு வைத்து ஏற்கலாம், எதைக் கவிழ்த்துவிட்டு விலக வேண்டும்? அதை மட்டும் எழுது.

கட்டின பெண்டாட்டியாக உன் பெயரைச் சூதாட்ட மண்டபங்களின் தடைப்பட்டியலில் எழுதிக் கொடுத்ததற்கு இது மன்னிப்புக் கடிதம் இல்லை. வேனை விற்றுச் சீட்டில் விட்டது நீ, நானில்லை.

ஹெர்மினியா

காபிஸ், குளத்துக் கொட்டகை
செப்டம்பர் 7

மதிப்பிற்குரிய திருமதி அவர்களுக்கு,

என் போட்டோவை எல்லா வாசலிலும் கொடுத்து, ‘இந்த ஆள் வந்தால் கழுத்தைப் பிடித்துத் தள்ளு’ என்று காவலாளிக்குச் சொல்லிவைத்தவள், அதே வாசல் வழியாக உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறாய். சபாஷ்! கடிதத்தை அண்ணனிடம் படித்துக் காட்டினேன். “ஆட்டத்துக்கு நீ வேணாம், உன் மூளை மட்டும் வேணுமாக்கும்?” என்று கேட்டுவிட்டு வலையை உதறப் போய்விட்டான். இங்கே கரையெல்லாம் உடைந்து குளத்து மீன் பாதி கடலுக்குப் போய்விட்டது. மிச்ச மீனை எண்ணிக்கொண்டு நான் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நான்கு பேரில் நீ ஒருத்தி என்பதைப் படித்த பிறகு கை சும்மா இருக்கவில்லை.

முதலில் ஒரு விஷயம். இதை வேறு யாராவது சொல்லி நீ கேட்கக் கூடாது, நான்தான் சொல்ல வேண்டும். பந்தோக்கிடம் எனக்கு ஐந்தில் ஒரு பங்கு இருக்கிறது. ஜனவரியில் கைகொடுத்துக்கொண்டோம். இந்த வருஷம் பெரிய போட்டியில் அவன் ஜெயிப்பதில் ஐந்தில் ஒன்று எனக்கு, நான் ஜெயிப்பதில் அவனுக்கு. ஆடுகிறவர்கள் எல்லாரும் செய்துகொள்வதுதான், ஒருவன் விழுந்தால் இன்னொருவன் தாங்குவதற்கு. என்னை நீ ஆடவிடாமல் செய்துவிட்டாய், அதனால் என்னிடமிருந்து அவனுக்கு ஒன்றும் போகாது. ஆனாலும் அவன் வார்த்தை மாறுகிற ஆள் இல்லை.

இதைத் தெரிந்துகொண்டு என் பதிலைப் படி. பந்தோக் தள்ளினால் கவிழ்த்துவிடு. அந்த இருவரும் எழுந்து போகும் வரை, கையில் ஏஸ் ஜோடியோ ராஜா ஜோடியோ தவிர எது வந்தாலும் கவிழ்த்துவிடு.

கிளாரோ

பரன்யாக்கே
செப்டம்பர் 9

கிளாரோ,

உன் கடிதத்தைப் படித்துக்கொண்டே அடுப்பில் அடோபோக் குழம்பைத் தீயவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த டிரைவர்கள் எல்லாரும், “என்னக்கா, இன்னைக்கு கரி ஸ்பெஷலா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

நான் கவிழ்த்தால் பந்தோக் கொழுப்பான். அவன் ஜெயித்தால் உன் பங்கு எட்டு லட்சம். அப்புறம் நீ எனக்குச் சொல்கிற புத்தி என்ன? கவிழ்த்துவிடு! இதை நான் எப்படி நம்புவது? நீயே சொல். உன் இடத்தில் நான் இருந்து உனக்கு இப்படி எழுதியிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய்? ஊரைக் கூட்டியிருக்கமாட்டாயா?

நானும் மேசையில் டீலராக நின்று சீட்டுப் போட்டு வயிறு வளர்த்தவள்தான். பந்தோக் குப்பையை வைத்துக்கொண்டுகூடத் தள்ளுவான் என்பது எனக்குத் தெரியும். எனக்கு இரண்டு பத்துச் சீட்டு, பத்து ஜோடி, வருகிறது என்று வைத்துக்கொள். அதையுமா தூக்கிப் போடச் சொல்கிறாய்? போன வருஷம் ஏஸும் ஜாக்கியும் வைத்துக்கொண்டு, அவன் சிரித்தான் என்ற ஒரே காரணத்துக்காக ஏற்று ஆறாவதாக எழுந்து வந்தவன் நீ. உனக்கு மட்டும் ரோஷம் இருக்கலாம், எனக்கு இருக்கக் கூடாதா?

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. இருந்தாலும் கேட்கிறேன். ஏன் கவிழ்க்க வேண்டும் என்று காரணத்தோடு எழுது.

ஹெர்மினியா

காபிஸ்
செப்டம்பர் 11

மினியாங்,

போன வருஷத்தைச் சொல்லிக் காட்டாதே. சரி, சொல்லிக் காட்டிவிட்டாய். இனி கணக்கைக் கேள்.

ஆமாம், பத்து ஜோடியையும் கவிழ்க்கத்தான் வேண்டும். அதை வைத்து அவனை ஏற்றால் மூன்று தடவையில் இரண்டு தடவை நீதான் ஜெயிப்பாய். நான் மறுக்கவில்லை. ஜெயித்தால் உனக்கு என்ன வரும்? முதல் இடம் பக்கத்தில் வரும். உனக்கு முதல் இடமா வேண்டும்? கடை வேண்டும். தோற்றால் என்ன ஆகும்? ஒன்றுமில்லாத அந்த இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க நீ நான்காவதாக எழுந்து போவாய். அவர்களிடம் இருக்கும் சில்லு, முறை வரும்போது சீட்டைப் பார்க்காமலே வைக்க வேண்டிய கட்டாயப் பந்தயம் கட்டவே ஒன்றிரண்டு சுற்றுக்குத்தான் காணும். நீ ஒன்றும் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே அவர்கள் போய்விடுவார்கள். தானாக வரப்போகிற இடத்துக்கு எதற்காக உயிரைப் பணயம் வைக்கிறாய்?

இன்னொன்றும் இருக்கிறது. தள்ளுகிறவனுக்கு இரண்டு வழி. எதிராளி பயந்து கவிழ்த்தாலும் அவனுக்கு லாபம், ஏற்றாலும் சீட்டு கைகொடுக்கலாம். ஏற்கிறவளுக்கு ஒரே வழிதான். சீட்டு ஜெயித்தாக வேண்டும். அதனால் எந்தச் சீட்டை வைத்து நீ தைரியமாகத் தள்ளுவாயோ, அதே சீட்டை வைத்து ஏற்கக் கூடாது. இது பந்தோக்குக்கும் தெரியும். நீ ஏற்கமாட்டாய் என்ற தைரியத்தில்தான் குப்பையோடு தள்ளுவான். தள்ளட்டும். அவன் உன் முகத்துக்கு நேரே சிரிப்பான். சிரிக்கட்டும்.

என் பங்கைப் பற்றி இனி ஒன்றும் எழுதப்போவதில்லை. மறைக்க நினைத்திருந்தால் முதலிலேயே மறைத்திருப்பேன். அவ்வளவு பெரிய மூடன் இல்லை நான், அவ்வளவு அயோக்கியனும் இல்லை.

சாப்பிட்டுவிட்டுப் போய் உட்கார். வெறும் வயிற்றில் உனக்குக் கோபம் சீக்கிரம் வரும்.

கிளாரோ

பரன்யாக்கே
செப்டம்பர் 13

கிளாரோ,

இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன், தூக்கம் வரவில்லை.

நீ சொன்ன கணக்கைக் கடைப் பலகையில் சாக்பீஸால் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது. அழித்துவிட்டு இன்னொரு முறை போட்டேன், அப்போதும் சரியாகத்தான் இருக்கிறது. கணக்கு சரி என்றால் ஏன் மறுபடி மறுபடி போட்டுப் பார்க்கிறேன்? கணக்கைச் சொன்னவன் மேல் நம்பிக்கை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. போன வருஷமானால் யோசிக்காமல் இல்லை என்று சொல்லியிருப்பேன். இப்போது தெரியவில்லை.

நாளை அவன் தள்ளாமலே இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! தள்ளுவான். எனக்குத் தெரியும்.

ஹெர்மினியா

பரன்யாக்கே
செப்டம்பர் 16

கிளாரோ,

நேற்று முன்தினம் நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன். நடுவில் எங்கேயும் என்னைத் திட்டாமல் கடைசி வரை படி.

மண்டபத்தில் இன்னும் சேற்று வாடை. மேசைக்கு அந்தப் பக்கம் பந்தோக், காய்ந்த மாம்பழத்தை மென்றுகொண்டு. கொரியக்காரர் பே யாரையும் நிமிர்ந்தே பார்க்கவில்லை. பல் டாக்டர் ஜெபமாலையை விரலில் சுற்றிச் சுற்றிக் கழற்றினார். அவர்கள் இருவர் முன்னால் இருந்ததைச் சில்லு என்று சொல்வதே அதிகம். அடுத்த ஆட்டம் டாக்டர் கட்டாயப் பந்தயம் கட்ட வேண்டிய முறை, அதற்கே அவரிடம் இருந்தது அத்தனையும் போய்விடும்.

இந்த ஆட்டத்தில் அவர்கள் இருவரும் கவிழ்த்தார்கள். பந்தோக் சீட்டின் ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்தான். உடனே இரண்டு கையாலும் எல்லாவற்றையும் நடுவில் தள்ளினான். “ஆல்-இன்.”

நான் என் சீட்டைப் பார்த்தேன். பத்து. அடுத்ததைப் பார்த்தேன். அதுவும் பத்து. சத்தியமாகச் சொல்கிறேன், உனக்கு எழுதியபோது வாய்க்கு வந்த சீட்டைத்தான் எழுதினேன். அதுவே வந்து என் கையில் உட்கார்ந்துவிட்டது.

டீலர் பெண் கடிகாரத்தைத் தட்டினாள், முப்பது நொடி. பந்தோக் வாயைத் திறந்தான்.

“மினியாங், உன் புருஷனுக்கு என்கிட்ட அஞ்சுல ஒண்ணு இருக்கு, தெரியுமில்ல?” என்றான், எல்லார் காதிலும் விழும்படி. “நீ கவுத்தாலும் உங்க வீட்டுக்குத்தான் வரப்போகுது. எதுக்கு மண்டைய ஒடைச்சுக்கிற?”

“சார், பேச்சு வேணாம்” என்று மேற்பார்வையாளர் வந்து நின்றார்.

“நான் குடும்ப விஷயம் பேசுறேன் சார்” என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

டாக்டர் என் பக்கம் குனிந்து, “அம்மா, சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க, எனக்கு நெஞ்சை அடைக்குது” என்றார். பாவம், நான் ஏற்றுத் தோற்றுப்போக வேண்டும் என்று அவர் மாதாவை வேண்டிக்கொண்டிருந்தார்.

கிளாரோ, என் கை சில்லுகளின் மேல் போய்விட்டது. தள்ளிவிட்டு இவன் மூஞ்சியைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் தோன்றியது. கடை ஞாபகத்தில் இல்லை, இருபது லட்சம் ஞாபகத்தில் இல்லை. நீ அவன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதாகவும், இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரிப்பதாகவும் இருந்தது. இதை நீ எழுதாமல் விட்டிருந்து, அவன் வாயிலிருந்து நான் முதல் முதலாகக் கேட்டிருந்தால், அந்த நிமிஷமே ஏற்றிருப்பேன். யார் தடுத்தாலும் கேட்டிருக்கமாட்டேன். ஆனால் நீ எழுதியிருந்தாய். உனக்குக் கெடுதலாக வரக்கூடிய ஒன்றை நீயாக முன்கூட்டிச் சொன்னாய். அப்படிச் சொன்னவன் கணக்கில் மட்டும் பொய் சொல்வானா?

“தெரியும். அவரே எழுதியிருந்தாரு” என்றேன். இரண்டு பத்தையும் எல்லாரும் பார்க்கும்படி திருப்பி வைத்து, ஏற்காமல் டீலரிடமே கொடுத்துவிட்டேன்.

கூட்டம் ‘ஓ’ என்று கத்தியது. பந்தோக் பத்து ஜோடியைப் பார்த்தான். கொஞ்ச நேரம் மெல்லுவதையே நிறுத்திவிட்டான். அப்புறம் தன் சீட்டைத் திருப்பினான். ஏழும் இரண்டும். இந்த ஆட்டத்தில் அதைவிடக் குப்பை கிடையாது. ஒருத்தன் விசில் அடித்தான். என் காதெல்லாம் எரிந்தது.

கவிழ்த்தது சரிதான். இப்போதும் சொல்கிறேன், நாளைக்கு அதே சீட்டு வந்தாலும் கவிழ்ப்பேன். ஆனால் அதற்கப்புறம் நடந்ததைக் கேள். அடுத்த ஆட்டம் டாக்டர் வேறு வழியில்லாமல் இருந்ததெல்லாம் கட்டினார், ஜெயித்தார். மறுபடி கட்டினார், மறுபடி ஜெயித்தார். பே எழுந்து எங்கள் எல்லாருக்கும் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். இன்னும் ஒருவர் போனால் எனக்கு இரண்டாவது இடம். டாக்டர் போகவில்லை. அந்த ஜெபமாலையில் என்ன இருந்ததோ! கட்டாயப் பந்தயம் ஏற ஏற என்னிடம் இருந்தது கரைந்தது. கடைசியில் ஏஸ்-ராஜாவை வைத்து நானே தள்ளினேன். டாக்டர் இரண்டு நாலாம் நம்பர் சீட்டோடு ஏற்றார். எல்லாருக்கும் பொதுவாக நடுவில் விழுந்த ஐந்து சீட்டில் ஒன்றுகூட எனக்கு உதவவில்லை. மூன்றாவதாக எழுந்தேன்.

வெளியே வந்தால் ஃபெலி நிற்கிறாள், என்னோடு சீட்டுப் போட்டவள். “முன்னாடியே பேசி வச்சுதான் கவுத்தியா? உன் வீட்டுக்காரர் பங்கு பத்தி எல்லாரும் பேசிக்கிறாங்க” என்றாள். “பேசினா பேசட்டும்டீ, வாய் வலிச்சா நிறுத்துவாங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். ஜீப்னி வண்டியில் ஏறின பிறகு அழுதேன்.

சரி, அழுதது போதும். இப்போது கவனமாகக் கேள். பந்தோக் ஜெயித்துவிட்டான். என்னைத் தேடி வந்தான், அவனுக்கே முகம் சரியாக இல்லை. “மேசையில பேசுனத மனசுல வச்சுக்காத. கிளாரோ பங்கு கிளாரோவுக்குத்தான். அவன் வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும், உன் கையிலயே குடுத்துடுறேன்” என்றான். என் பதினொன்று, உன் எட்டு. பத்தொன்பது லட்சம். கேட்டாயா? திருமதி யாப்பின் பணம் போக, வேனுக்கு முன்பணமாகக்கூட ஒரு லட்சம் மிஞ்சும். கடை நம்முடையது, கிளாரோ! நான் திட்டித் தீர்த்த அந்தப் பங்குதான் நம்மைக் காப்பாற்றப் போகிறது. மாசக் கடைசிக்கு மேல் ஒரு நாள்கூடத் தரமாட்டேன் என்று யாப் கறாராகச் சொல்லிவிட்டாள். அதனால் எப்படியாவது பந்தோக்குக்குச் சொல்லி அனுப்பு. மானஸ்தன் வேஷம் போட்டு, வேண்டாம் கிண்டாம் என்று ஏதாவது உளறினாயோ, தொலைத்துவிடுவேன்.

சொல்லிவிட்டு வீட்டுக்கு வா. தடை ஆட்டத்துக்குத்தான், வீட்டுக்கு இல்லை.

உன்
மினியாங்

காபிஸ்
செப்டம்பர் 16

என் மினியாங்,

ஆட்டம் முடிந்து உன் கடிதம் எதுவும் இன்னும் வரவில்லை, அதற்குள் எல்லாம் தெரிந்துகொண்டேன். நகராட்சி மண்டபத்தில் ஒரு போன் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம், வரிசை மீன் சந்தை வரைக்கும் நின்றது. காலையிலிருந்து நின்றேன். உன்னைத்தான் கூப்பிட வேண்டும் என்று போனேன். நீ தோற்றிருந்தால் என்ன சொல்வது என்று பயமாகிவிட்டது. அதனால் பந்தோக்கைக் கூப்பிட்டு முதலில் விசாரித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மூன்று நிமிடமும் அவனிடமே போய்விட்டது. நீ திட்டுவாய், திட்டு.

அவன் எல்லாம் சொன்னான். பத்து ஜோடியைத் திருப்பி வைத்துவிட்டுக் கவிழ்த்தாயாமே! “நான் இதுவரைக்கும் அப்படி ஒரு கவுப்பு பார்த்ததே இல்லடா” என்றான். நான் அத்தனை கேட்டுக்கொண்டும் நீ நம்பமாட்டாய் என்றுதான் நினைத்திருந்தேன். அத்தனை பேர் சிரிக்கும்போது நீ என் வார்த்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அப்படியும் மூன்றாவதாகத்தான் வர முடிந்தது. அதைக் கேட்டபோது வரிசையில் இருந்தவர்கள் முன்னாலேயே கண் கலங்கிவிட்டது.

அப்புறம் அவன், “உன் எட்டு லட்சம் ரெடியா இருக்கு. யார்கிட்ட குடுக்கணும்?” என்று கேட்டான்.

நான் நினைத்துப் பார்த்தேன். என் வார்த்தையைக் கேட்டு நீ கவிழ்த்தாய். அதனால் ஜெயித்தவனிடம் கை நீட்டிக் காசு வாங்கினால் ஊர் என்ன சொல்லும்? பெண்டாட்டியை விற்றவன் என்று சொல்லும். நீயும் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் அப்படி நினைப்பாய். “எனக்கு ஒரு பெஸோகூட வேணாம். உங்க மலபோன் பக்கம் வெள்ள முகாம் இருக்குதில்ல, அங்க குடுத்துடு” என்றேன்.

“நல்லா யோசிச்சு சொல்லுடா.”

“யோசிச்சாச்சு.”

“நான் இப்ப முகாம்லதான் இருக்கேன், ஃபாதர் பக்கத்துலயே இருக்காரு. அவர் கையில குடுத்துட்டா அப்புறம் திரும்ப வராது, பார்த்துக்க.”

“குடுடா!” என்றேன். போனுக்குள்ளேயே கை தட்டுகிற சத்தம் கேட்டது. எத்தனை பேர் இருந்தார்களோ, நேரம் முடிந்து போன் அறுந்துபோகும் வரை தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

கடைக்கு என்ன வழி என்று கேட்பாய். உன் பதினொரு லட்சத்தை எடுத்துக்கொண்டு திருமதி யாப்பிடம் போய்ப் பேசு, நல்ல மனுஷி, இன்னும் கொஞ்ச நாள் பொறுப்பாள். வெள்ளிக்கிழமை தெம்யோங் லாரியில் நானும் வருகிறேன்.

மனசு லேசாக இருக்கிறது. எத்தனையோ வருஷம் ஆகிறது இப்படி இருந்து. கையில் இருந்த நல்ல சீட்டை, யாரும் கேட்காமல், நானாகவே கவிழ்த்திருக்கிறேன், மினியாங். என் ஆயுசில் இதுதான் முதல் தடவை. நீ சந்தோஷப்படுவாய் என்று தெரியும்.

உன்
கிளாரோ